ரஷ்ய மாஃபியாவும் அரசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்யாவில் மாஃபியாதான் ஆட்சி நடத்துகிறது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். புடின் வந்து மாஃபியாவை ஒழித்துக்கட்டிவிட்டார் என்று வேறு சிலர் சொல்வார்கள். நான் படித்துப் புரிந்துகொண்டவரை, மாமூல் வசூலிக்கும் தொழில் எங்கும் போகவில்லை. அது ரவுடி கையிலிருந்து சீருடைக்காரர் கைக்கு மாறியது. அதனால் யார் வளர்ந்தார்கள், யார் செத்தார்கள் என்பதைத்தான் கீழே சொல்லியிருக்கிறேன்.

சோவியத் யூனியன் உடைந்த பிறகுதானே இந்தக் கும்பல்கள் வந்தன?

இல்லை, வேர் ரொம்பப் பழையது. 1920-களிலும் 30-களிலும் சோவியத் சிறைமுகாம்களில் தொழில்முறைத் திருடர்கள் தங்களுக்கென்று கறாரான ஒரு கட்டுப்பாட்டை வளர்த்துக்கொண்டார்கள். அந்த வட்டத்தில் தலைவனாக முடிசூட்டப்பட்டவனை 'வோர்' என்பார்கள். வோர் வேலைக்குப் போகக் கூடாது, குடும்பம் வைத்துக்கொள்ளக் கூடாது, ராணுவத்தில் சேரக் கூடாது. போலீஸுக்கும் சிறை நிர்வாகத்துக்கும் எந்த உதவியும் செய்யக் கூடாது. உள்ளே இருப்பவர்களுக்காக 'ஓப்ஷாக்' என்ற பொதுப் பணம் திரட்டுவார்கள். தகராறு வந்தால் கூட்டம் கூட்டித் தீர்ப்புச் சொல்வார்கள்.

உடம்பில் குத்திய பச்சைதான் அவர்களுடைய அடையாள அட்டை. முழங்காலில் நட்சத்திரம் இருந்தால் யார் முன்னாலும் மண்டியிட மாட்டான் என்று அர்த்தம். நெஞ்சில் தேவாலயம் குத்தியிருந்தால் அதன் கோபுரங்களை எண்ணி அவன் எத்தனை தடவை தண்டனை அனுபவித்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

அரசோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றவர்களுக்கு அரசோடு தொடர்பு எப்படி வந்தது?

முகாமுக்குள்ளேயே வந்துவிட்டது. அங்கே அரசியல் கைதிகள் 'மக்களின் விரோதிகள்'. திருடனும் கொள்ளைக்காரனும் அந்த அளவுக்கு மோசமில்லை, திருத்தக்கூடியவர்கள் என்பது அதிகாரிகளின் கணக்கு. அதனால் பேராசிரியரையும் விவசாயியையும் அடக்கி வைக்கும் வேலையை இவர்களிடமே விட்டார்கள். அரசுக்கு வேண்டாதவர்களை அரசுக்காக ரவுடி மிரட்டுவது அங்கே தொடங்கியது. பின்னால் வரும் கதையில் இது மறுபடி மறுபடி வரும்.

இரண்டாம் உலகப் போரில் கைதிகள் பலர் விடுதலைக்காகச் செம்படையில் சேர்ந்தார்கள். போர் முடிந்து அவர்களில் பலர் மறுபடி சிறைக்கு வந்தபோது, பழைய வோர்கள் அவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்கினார்கள். 1945-லிருந்து 1953 வரை முகாம்களுக்குள் இரு தரப்பும் வெட்டிக்கொண்டு செத்தார்கள். நிர்வாகம் தடுக்கவில்லை. தன்னோடு ஒத்துப்போகிறவர்களுக்கே கைகொடுத்தது. அதற்குப் பிறகு, லாபம் இருந்தால் அதிகாரிகளோடு பேசலாம் என்ற போக்கு வேரூன்றியது. 1953-இல் ஸ்டாலின் இறந்ததும் வந்த பொதுமன்னிப்பில் சுமார் 12 லட்சம் கைதிகள் வெளியே வந்தார்கள். முகாமின் வழக்கங்களும் பேச்சும் அவர்களோடு ஊருக்குள் வந்தன.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் கொள்ளையடிக்க என்ன இருந்தது?

பற்றாக்குறை இருந்தது. அதைவிட லாபமான சரக்கு வேறில்லை. சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் காலத்தில் நல்ல செருப்புக்கும் கோட்டுக்கும் மக்கள் அலைந்தபோது, அரசுத் தொழிற்சாலைக்குள்ளேயே கணக்கில் வராத சரக்கைத் தயாரித்து விற்கும் ஆட்கள் பெருகினார்கள். மூலப்பொருள் கிடைக்கவும் ரயிலில் சரக்கு போகவும் கட்சி அதிகாரிக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும். இப்படிச் சேர்த்த பணத்தைத் திருடன் கொள்ளையடித்தால் போலீஸில் புகார் கொடுக்க முடியாது. அதனால் 1970-களில் இந்த ரகசிய முதலாளிகள் தாதாக்களுக்கு மாதாமாதம் கப்பம் கட்ட ஆரம்பித்தார்கள்.

மேல்மட்டம் எவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்பதற்கு உஸ்பெகிஸ்தான் பருத்தி ஊழல் ஒன்று போதும். விளையாத பருத்தியை விளைந்ததாகக் கணக்கெழுதி, மாஸ்கோவிடமிருந்து வருஷக்கணக்கில் பணம் வாங்கினார்கள். பிரெஷ்னெவின் மருமகன் யூரி சுர்பனோவ் அப்போது உள்துறையின் முதல் துணை அமைச்சர். நாட்டின் போலீஸுக்கே இரண்டாவது பெரிய அதிகாரி. லஞ்சம் வாங்கியதற்காக 1988-இல் அவருக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

1990-களின் ரவுடி ராஜ்யம் எப்போது தொடங்கியது?

கோர்பசேவ் காலத்தில். 1985 மேயில் மதுவிலக்கு போன்ற கெடுபிடியைக் கொண்டுவந்தார். கள்ளச்சாராயம் காய்ச்சப் போனதில் கடைகளில் சர்க்கரையே கிடைக்கவில்லை. கள்ளச்சரக்கு விற்றவர்கள் கையில் பணம் புரண்டது.

1988 மேயில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. பெயர்தான் கூட்டுறவு, உண்மையில் தனியார் தொழில். சாப்பாட்டுக் கடை, தையல் கடை, பழுதுபார்க்கும் கடை என்று எல்லாம் முளைத்தன. கையில் ரொக்கம் வைத்திருக்கும் கடைக்காரர்கள் முதல் முறையாக வெளிப்படையாகத் தெரிய ஆரம்பித்தார்கள். மாஸ்கோவின் ரிஷ்ஸ்கி சந்தையில் கடை போட்டவர்களிடம் பயில்வான்கள் கூட்டமாக வந்து வசூலித்தார்கள். அரசு உதவித்தொகை நின்றுபோன மல்யுத்த வீரர்கள், குத்துச்சண்டை வீரர்கள், ஆப்கானிஸ்தான் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காத இளைஞர்கள்தான் அவர்களில் பலர். பச்சை குத்திய பழைய வோர்களைவிட இவர்கள் புதுசு. சிகரெட்கூடக் குடிக்காத தேகப்பயிற்சிக்காரர்களும் இதில் உண்டு.

'கூரை' என்கிறார்களே, அது என்ன?

ரஷ்ய மொழியில் 'கிரிஷா'. தொழில் செய்பவருக்குப் பாதுகாப்புத் தருபவரை அப்படிச் சொல்வார்கள். இது எப்படி நடந்தது என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தன்னால் புரிந்துவிடும்.

நீங்கள் 1993-இல் ஒரு ஊரில் கடை திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில நாளில் தோல் ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் வருவார்கள். கத்த மாட்டார்கள், எதையும் உடைக்க மாட்டார்கள். "யாரோடு வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். உங்களுக்கு ஏற்கெனவே கூரை இருந்தால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுக்கலாம். இரண்டு தரப்பும் ஊருக்கு வெளியே எங்காவது சந்தித்துப் பேசி முடித்துக்கொள்ளும். பேச்சு சரிவராவிட்டால் சுடவும் செய்வார்கள். உங்களுக்குக் கூரை இல்லையென்றால், அந்த நிமிஷத்திலிருந்து அவர்கள்தான் கூரை. லாபத்தில் ஒரு பங்கு மாதாமாதம் போய்விடும்.

பயத்தினால் மட்டும் கொடுத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சரக்கு வாங்கியவன் பணம் தராமல் இழுத்தடித்தால் கடைக்காரர் எங்கே போவார்? நீதிமன்றத்தில் ஜெயித்தாலும் தீர்ப்பை நிறைவேற்ற ஆள் இல்லை. அதற்கென்று தனி அமலாக்கத் துறையே 1997-இல்தான் சட்டமாக வந்தது. கூரைக்காரன் கட்டப்பஞ்சாயத்து பண்ணி வாரத்துக்குள் வசூலித்துக் கொடுப்பான், பாதியை அவனே எடுத்துக்கொள்வான். சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காத இடத்தில் பாதுகாப்பு விலைக்கு விற்கப்பட்டது. இதற்கு முழுப் பொறுப்பு அரசுடையது. சொத்தைத் தனியாருக்குக் கொடுக்க அவசரப்பட்ட அரசு, அந்தச் சொத்தைக் காப்பாற்றும் நீதிமன்றத்தையும் போலீஸையும் உருவாக்குவதில் அந்த அவசரத்தைக் காட்டவில்லை.

சீருடைக்காரர்கள் இதில் எப்படி நுழைந்தார்கள்?

சட்டப்படியே நுழைந்தார்கள். 1992 மார்ச்சில் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை அனுமதிக்கும் சட்டம் வந்தது. சோவியத் உளவுத் துறையான கேஜிபி கலைக்கப்பட்டு ஆட்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்த நேரம் அது. கேஜிபியின் முதல் துணைத் தலைவராக இருந்த பிலிப் போப்கோவ், கோடீஸ்வரர் குசின்ஸ்கியின் மோஸ்த் குழுமத்துக்கு வேலைக்குப் போனார். சோவியத் எதிர்ப்பாளர்களை வேட்டையாடிய பிரிவை நடத்தியவர் ஒரு முதலாளியின் பாதுகாப்பைக் கவனித்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் பணியில் இருந்த போலீஸாரும் உளவுத் துறையினரும் அதே தொழிலில் இறங்கினார்கள். ரவுடியின் கூரைக்குக் 'கருப்பு' என்றும் போலீஸ் கூரைக்குச் 'சிவப்பு' என்றும் பெயர் வந்தது. 1990-களின் கடைசியில் வியாபாரிகள் பலரும் சிவப்புக்கு மாறினார்கள். ரவுடியால் அடிக்கத்தான் முடியும். போலீஸ் நினைத்தால் எதிரி மேல் வழக்குப் போடலாம், கணக்குப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போகலாம், சிறையிலும் தள்ளலாம்.

பெரிய கும்பல்கள் எவை?

மாஸ்கோவின் தென்மேற்கு ஓரத்தில் சோல்ன்செவோ கும்பல், பீட்டர்ஸ்பர்க்கில் தம்போவ் கும்பல், யெகாடெரின்பர்க்கில் உரல்மாஷ் கும்பல். செச்சென், ஜார்ஜியக் குழுக்கள் தனி. சோல்ன்செவோவின் தலைவர் என்று சொல்லப்பட்ட செர்கேய் மிகைலோவ் 1996-இல் ஜெனீவாவில் கைதானார். சுவிஸ் நீதிமன்றம் 1998 டிசம்பரில் அவரைக் குற்றக் குழுவை நடத்திய புகாரிலிருந்து விடுவித்தது. இந்த விஷயத்தில் ஊருக்கே தெரிந்தது வேறு, நீதிமன்றத்தில் நிரூபிக்க முடிவது வேறு என்பதை மறக்கக் கூடாது.

உரல்மாஷ்காரர்கள் 1999-இல் அதே பெயரில் ஓர் அரசியல் சமூக அமைப்பைப் பதிவு செய்தார்கள். அதன் தலைவர் அலெக்சாந்தர் கபரோவ் நகர மன்ற உறுப்பினராகவே ஆனார். 2005-இல் சிறை அறையில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். யெகாடெரின்பர்க்கின் ஷிரோகோரெசென்ஸ்கோயே கல்லறைக்குப் போனால் அந்தக் காலம் அப்படியே நிற்கிறது: ஆள் உயரக் கருங்கல்லில் இளைஞர்களின் முழு உருவம், மேலே தோல் ஜாக்கெட், ஒருவரின் கையில் மெர்சிடிஸ் கார் சாவி. பிறந்த வருஷத்தையும் இறந்த வருஷத்தையும் பார்த்தால் பலருக்கு வயது முப்பது, முப்பத்தைந்து.

அந்தக் காலத்தில் நிஜமாகவே அவ்வளவு கொலைகள் நடந்தனவா?

1994-இல் மட்டும், கொலை முயற்சிகளையும் சேர்த்து 32,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. இதில் பெரும்பகுதி குடிபோதையிலும் குடும்பச் சண்டையிலும் நடந்தது. ஆனால் கூலிப்படைக் கொலைகள்தான் நாட்டை நடுங்க வைத்தன. மல்யுத்த வீரராக இருந்து தாதாவாகி, விளையாட்டு வீரர்களின் கட்சியையும் தொடங்கிய ஒதாரி க்வந்திரிஷ்விலியை 1994 ஏப்ரல் 5 அன்று மாஸ்கோவில் ஒரு குளியலகத்தை விட்டு வெளியே வந்தபோது தொலைவிலிருந்து சுட்டார்கள். அவரைப் புதைத்த வாகன்கோவோ கல்லறைக்குப் பிரபல பாடகர்கள் வந்தார்கள். சுட்டவர் முன்னாள் ராணுவ அதிகாரி என்பது வெகுகாலம் கழித்துத்தான் நிரூபணமானது.

1995 மார்ச் 1 அன்று நாடே பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் விளாத் லிஸ்தியெவ் தன் குடியிருப்பின் மாடிப்படியில் கொல்லப்பட்டார். ஏவியவர் யார் என்று இன்றுவரை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை.

அப்போதைய அதிபர் எல்த்சின் ஒன்றும் செய்யவில்லையா?

1994 ஜூனில் ஓர் ஆணை போட்டார். சந்தேகப்படுகிறவரைக் குற்றச்சாட்டு இல்லாமலே 30 நாள் வரை அடைத்து வைக்கலாம் என்றது அது. சங்கடம் என்னவென்றால், அந்த அதிகாரத்தைப் பெற்றதும் கூரை விற்ற அதே போலீஸ்தான்.

புடினுக்கும் பீட்டர்ஸ்பர்க் கும்பல்களுக்கும் தொடர்பு உண்டா?

உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 1991 ஜூனிலிருந்து புடின் அந்த நகராட்சியின் வெளியுறவுக் குழுத் தலைவர். அந்தக் குளிர்காலத்தில் நகரத்தில் உணவுத் தட்டுப்பாடு. எண்ணெய், உலோகம், மரம் இவற்றை வெளிநாட்டுக்கு விற்று உணவு வாங்குவது என்று திட்டம் போட்டார்கள். ஏற்றுமதி உரிமங்களை அவருடைய குழு சில தனியார் நிறுவனங்களுக்குக் கொடுத்தது. சரக்கு வெளியே போனது, உணவில் பெரும்பகுதி வந்து சேரவில்லை. சுமார் 10 கோடி டாலர் விவகாரம் இது. நகர மன்ற உறுப்பினர் மரீனா சால்யே தலைமையிலான குழு விசாரித்து, புடினைப் பதவியிலிருந்து நீக்கச் சொன்னது. மேயர் சோப்சாக் மறுத்துவிட்டார். நிறுவனங்கள்தான் ஏமாற்றின, நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பது புடினின் பதில். வழக்கு எதுவும் நடக்கவில்லை. சால்யே பிறகு பொதுவாழ்க்கையை விட்டே விலகி, ஊரைத் தாண்டிய ஒரு கிராமத்தில் பல வருஷம் ஒதுங்கி வாழ்ந்தார்.

அடுத்தது பீட்டர்ஸ்பர்க் எரிபொருள் நிறுவனம். தம்போவ் கும்பலின் தலைவர் விளாதிமிர் குமாரின் அங்கே துணைத் தலைவராக இருந்தார். அதன் தலைவராக இருந்த விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1996-இல் புடின் உள்ளிட்ட சிலர் சேர்ந்து தொடங்கிய 'ஓஸெரோ' வீட்டுமனைக் கூட்டுறவிலும் இருந்தார். இதை வைத்து புடினைத் தாதா என்று சொல்ல முடியாது. நகராட்சி, உளவுத் துறை, கும்பல் மூன்றும் ஒரே அறையில் உட்கார்ந்து தொழில் செய்த ஊர் அது, அங்கேதான் அவர் நிர்வாகம் பழகினார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

'இரவு ஆளுநர்' என்று ஊர் அழைத்த குமாரின் 1994-இல் துப்பாக்கிச் சூட்டில் ஒரு கையை இழந்தவர். 2007 ஆகஸ்டில் மாஸ்கோவிலிருந்து சிறப்புப் படை வந்து அவரைக் கைது செய்தது. உள்ளூர் போலீஸை நம்பி அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

அப்படியானால் புடின் மாஃபியாவை ஒழித்தார் என்பது சரிதானே?

தெருவில் துப்பாக்கிச் சத்தம் குறைந்தது உண்மை. சாதாரண மக்களுக்கு அது பெரிய நிம்மதி, அதை மறுக்கக் கூடாது. அடங்கி நடந்த கும்பல்களை விட்டுவைத்தார்கள், அடங்காதவர்களை உள்ளே தள்ளினார்கள். கூரைத் தொழில் உளவுத் துறையிடமும் போலீஸிடமும் வரித் துறையிடமும் போனது. போலி ஆவணம், ஏவப்பட்ட வழக்கு, விலைக்கு வாங்கிய தீர்ப்பு இவற்றை வைத்து அடுத்தவன் கம்பெனியைப் பிடுங்கிக்கொள்வது ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு நிர்வாக ஆணை. 2008 செப்டம்பரில், மெத்வெதெவ் அதிபராக இருந்தபோது, உள்துறையில் அமைப்புசார் குற்றங்களை எதிர்க்கும் துறையைக் கலைத்தார்கள். அந்த இடத்தில் தீவிரவாதத் தடுப்புத் துறை வந்தது. தாதாக்களின் பின்னால் போக வேண்டிய அதிகாரிகள், ஊர்வலம் போகிறவர்களையும் இணையத்தில் எழுதுகிறவர்களையும் பின்தொடர ஆரம்பித்தார்கள்.

கிராமப்புறத்தில் நிலைமை எப்படி?

தென் ரஷ்யாவில், கிராஸ்னோதார் பகுதியில், குஷ்சோவ்ஸ்கயா என்று ஒரு பெரிய ஊர். நல்ல கரிசல் மண், கோதுமை விளையும் பூமி. 2010 நவம்பர் 4, ரஷ்யாவில் பொது விடுமுறை. ஒரு விவசாயி வீட்டில் விருந்தாளிகள் வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். கும்பல் உள்ளே புகுந்து எல்லாரையும் கத்தியால் குத்தியும் கழுத்தை நெரித்தும் கொன்று, உடல்களுக்குத் தீ வைத்தது. 12 பேர் செத்தார்கள், அதில் நான்கு பேர் குழந்தைகள். ஒன்பது மாதக் கைக்குழந்தை புகையில் மூச்சு முட்டி இறந்தது.

செய்தது செர்கேய் ட்சபோக்கின் கும்பல். அவர் தலைமறைவாக வாழ்ந்த ரவுடி இல்லை, மாவட்ட மன்ற உறுப்பினர். குடும்பத்தின் விவசாய நிறுவனத்தை அம்மா நடத்தினார். பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் நிலத்தைப் பிடுங்கினார்கள், எதிர்த்தவர்களைக் கொன்றார்கள், விடுதி மாணவிகளைச் சீரழித்தார்கள். புகார் கொடுத்தவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. புகாரை வாங்கிய போலீஸும் அரசு வழக்கறிஞர் அலுவலகமும் யார் பக்கம் என்று ஊருக்கே தெரியும்.

கொலைக்குப் பிறகு பத்திரிகையாளர்கள் வந்தபோதுதான் ஊர் வாய் திறந்தது. இப்படிப்பட்ட கும்பல் எல்லா ஊரிலும் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது என்று பகுதியின் ஆளுநரே ஊர்க்கூட்டத்தில் ஒத்துக்கொண்டார். அரசியல் சட்ட நீதிமன்றத்தின் தலைவர் வலேரி ஸோர்கின், அதிகாரமும் குற்றமும் இப்படியே கலந்துகொண்டு போனால் அரசே குற்ற அரசாகிவிடும் என்று அரசு நாளிதழில் எழுதினார். நாட்டின் உச்சப் பொறுப்பில் இருந்த நீதிபதி எழுதியது இது.

2013-இல் ட்சபோக்குக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள், அடுத்த வருஷமே சிறையில் இறந்தார். கும்பலின் இன்னொரு முக்கியப் புள்ளி நீண்ட கால தண்டனை பெற்று ஆமூர் பகுதிச் சிறையில் இருந்தார். 2018-இல் அவருடைய படங்கள் வெளியே வந்தன. சிறைக்குள் உட்கார்ந்து நண்டும் மீன் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போலீஸ் எவ்வளவு சம்பாதித்தது?

2016 செப்டம்பரில் உள்துறையின் ஊழல் தடுப்புப் பிரிவுக் கர்னல் திமித்ரி ஸகார்சென்கோவின் குடும்பத்தாருடைய வீட்டைச் சோதனை போட்டார்கள். டாலரில் மட்டும் 12 கோடிக்கு மேல் ரொக்கம் அங்கே கிடந்தது. பணக்கட்டுகளின் எடை டன் கணக்கில் வந்தது. அவருக்கு 2019-இல் 13 ஆண்டு தண்டனை. ஊழலைத் தடுக்க வேண்டிய ஒரு நடுமட்ட அதிகாரியிடம் இருந்தது இவ்வளவு.

இன்னொரு சம்பவம், 2015 டிசம்பர், மாஸ்கோவின் ரோச்தெல்ஸ்கயா தெரு. ஒரு சாப்பாட்டுக் கடைக்கு உள் அலங்காரம் செய்த பணத்தில் தகராறு. ஒரு பக்கத்துக்கு ஷக்ரோ என்ற பெரிய வோரின் ஆட்கள் பரிந்து வந்தார்கள், மறுபக்கத்துக்கு உளவுத் துறையில் இருந்து வழக்கறிஞரான ஒருவர் ஆட்களோடு வந்தார். துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். பக்கத்திலேயே நின்ற போலீஸ் தடுக்கவில்லை. பிறகு ஷக்ரோவின் ஆளை விடுவிக்க லஞ்சம் வாங்கியதாக, புலனாய்வுக் குழுவின் மாஸ்கோ தலைவர் திரிமானோவ் உட்பட உயர் அதிகாரிகள் சிக்கினார்கள். அவருக்கு 2020-இல் 12 ஆண்டு. பிடித்தது உளவுத் துறையான எஃப்எஸ்பி. 1993-இல் இரண்டு கும்பல்கள் போட்ட சண்டையை இப்போது இரண்டு துறைகள் போட்டன.

பணமெல்லாம் எங்கே போனது?

மேற்கு நாடுகளுக்குத்தான். 1999-இல் பேங்க் ஆஃப் நியூயார்க் வழியாக சுமார் 700 கோடி டாலர் ரஷ்யாவிலிருந்து போனது வெளியே வந்தது. டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளையில் 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ புரண்டது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று வங்கியே ஒத்துக்கொண்டது. ரஷ்யாவைக் குறை சொல்லும் நாடுகள் தங்கள் வங்கிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஸ்பெயின் கொஞ்சம் முயன்றது. 2008-இல் தம்போவ் கும்பலோடு தொடர்புள்ளவர் என்று கென்னாதி பெத்ரோவை மயோர்கா தீவில் கைது செய்தார்கள். ரஷ்யாவின் பெரிய பதவிக்காரர்களோடு நடந்த தொலைபேசிப் பேச்சுகள் வழக்கில் வந்தன. பெத்ரோவ் ரஷ்யாவுக்குத் திரும்பிவிட்டார். வழக்கை எதிர்கொண்ட மற்றவர்கள் 2018-இல் விடுதலையானார்கள்.

அரசு குற்றவாளிகளை வேலைக்கு வைக்கிறது என்பது நிஜமா?

2014 செப்டம்பரில் எஸ்டோனிய எல்லையில், கள்ளக்கடத்தலை விசாரித்துக்கொண்டிருந்த அதிகாரி எஸ்டன் கோவரை ரஷ்ய உளவுத் துறை கடத்திக்கொண்டு போனது. ஒரு வருஷம் கழித்து, எஸ்டோனியச் சிறையில் இருந்த ரஷ்ய உளவாளிக்குப் பதிலாகத்தான் அவரைத் திருப்பிக் கொடுத்தது. வங்கிக் கணக்குகளைச் சூறையாடிய 'ஈவில் கார்ப்' கும்பலின் தலைவர் மக்ஸிம் யாகுபெத்ஸ் எஃப்எஸ்பிக்கு வேலை செய்ததாக 2019-இல் அமெரிக்க நிதித் துறை சொன்னது. அவரைப் பிடிக்க உதவினால் 50 லட்சம் டாலர் பரிசு. அவர் ரஷ்யாவில்தான் இருப்பதாகக் கருதப்படுகிறது.

வாதிம் கிராசிகோவ் கதை இன்னும் தெளிவானது. 2013-இல் நடந்த ஒரு தொழிலதிபர் கொலைக்காக ரஷ்யாவே அவரைத் தேடியது. 2015-இல் தேடுவதை நிறுத்திக்கொண்டது. 2019-இல் பெர்லின் பூங்காவில் ஒரு செச்சென் அகதியைச் சுட்டுக் கொன்றார். ரஷ்ய அரசின் உத்தரவில் நடந்த கொலை என்று ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஆகஸ்டில் கைதிப் பரிமாற்றத்தில் மாஸ்கோவுக்கு வந்து இறங்கியபோது புடின் விமான நிலையத்துக்கே போய் அவரைக் கட்டிப்பிடித்து வரவேற்றார்.

எதிர்த்து நின்றவர்கள் யாருமே இல்லையா?

இருந்தார்கள். ரஷ்யா என்றாலே இப்படித்தான் என்று சொல்கிறவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

கலீனா ஸ்தாரவோய்தவா, நாடாளுமன்ற உறுப்பினர், ஜனநாயகவாதி. 1998 நவம்பர் 20 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் தன் வீட்டு மாடிப்படியில் சுடப்பட்டார். அந்தக் கொலையை ஏற்பாடு செய்ததற்காக 2015-இல் தண்டிக்கப்பட்ட மிகைல் குளுஷ்சென்கோ, அதே காலத்தில் அதே நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். ஏவியது குமாரின் என்று அவர் சொன்னார், குமாரின் மறுத்தார்.

அந்திரேய் கஸ்லோவ், மத்திய வங்கியின் முதல் துணைத் தலைவர். கருப்புப் பணம் மாற்றிய வங்கிகளின் உரிமங்களை ஒன்றன்பின் ஒன்றாக ரத்து செய்தவர். 2006 செப்டம்பரில் கால்பந்து ஆடிவிட்டு வெளியே வரும்போது சுட்டார்கள்.

செர்கேய் மக்னித்ஸ்கி, வரி ஆலோசகர். கம்பெனிகளைத் திருடி, அரசுக் கஜானாவிலிருந்து 23 கோடி டாலர் வரிப்பணத்தை எடுத்த மோசடியை வெளியே கொண்டுவந்தார். யார் மேல் புகார் சொன்னாரோ அந்தப் போலீஸாரோடு தொடர்புடையவர்களே அவரைக் கைது செய்தார்கள். 2009 நவம்பர் 16 அன்று, சிகிச்சை மறுக்கப்பட்ட நிலையில், மாஸ்கோ சிறையில் இறந்தார். வயது 37.

இப்போது நிலைமை என்ன?

2019 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. வோர் பட்டத்தில் இருப்பதே குற்றம், 8 முதல் 15 ஆண்டு வரை சிறை. அடுத்த வருஷம் சிறைப் பண்பாட்டைக் கொண்டாடும் இளைஞர் கூட்டங்களை உச்ச நீதிமன்றம் தீவிரவாத அமைப்பு என்று தடை செய்தது. இதற்குப் பிறகு 2022-இல், கொள்ளை வழக்கில் ஒன்பது வருஷம் சிறையில் இருந்தவரும் 'வாக்னர்' கூலிப்படையின் தலைவருமான யெவ்கேனி பிரிகோஷின் சிறைகளுக்கு நேரில் போய், உக்ரைனில் ஆறு மாதம் போர் செய்தால் மன்னிப்பு என்று அறிவித்து ஆள் எடுத்தார். 50,000 பேர் வரை எடுத்ததாக அவரே சொன்னார். பிறகு ராணுவ அமைச்சகமே அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

அப்படி வெளியே வந்தவர்களில் ஒருவர் செர்கேய் கஜிகுர்பானோவ். மாஸ்கோ போலீஸில் அதிகாரியாக இருந்தவர். பத்திரிகையாளர் அன்னா பலித்கோவ்ஸ்கயாவை 2006 அக்டோபர் 7 அன்று அவர் வீட்டு லிஃப்டில் சுட்டுக் கொன்ற வழக்கில் 20 ஆண்டு தண்டனை பெற்றவர். உக்ரைன் போருக்குப் போனார், அதிபர் மன்னிப்பு கிடைத்தது என்று 2023 நவம்பரில் அவருடைய வழக்கறிஞர் சொன்னார். அன்னாவின் பிள்ளைகளையோ அவர் வேலை செய்த பத்திரிகையையோ யாரும் கேட்கவில்லை, முன்கூட்டியே சொல்லவும் இல்லை. இது பரிகாரம் இல்லை, கொடூரமான அநீதி என்று அவர்கள் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். கொலையை ஏவியது யார் என்று இதுவரை எந்த ரஷ்ய நீதிமன்றமும் சொல்லவில்லை.